அப்பத்தாவைக் கேட்டாயா?

கேள்வி: எனக்கு 21 வயது. சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். போன வாரம் பிள்ளைகளைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போய், அங்கே இருக்கும் பறவைகளையும் பூச்சிகளையும் காட்டச் சொன்னார்கள். காக்கா, கொக்கு, மைனா தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு பையன் கேட்டதற்கெல்லாம் ‘குருவி’ என்றே சொல்லிச் சமாளித்தேன். எல்லார் முன்பும் மேடம் திட்டிவிட்டார். ஆடு மேய்த்த எங்கள் அப்பத்தா ஏதேதோ பேர் சொல்லும், அதையெல்லாம் வகுப்பில் சொல்ல முடியுமா? எந்த ஆப், எந்த சார்ட் வாங்கலாம்?

பதில்: மேடம் திட்டியதில் தப்பே இல்லை. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் தெரியும், வீட்டு வேப்பமரத்தில் கத்துவது என்னவென்று தெரியாது என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அது எனக்குப் புதிதில்லை. போகிற போக்கில் அப்பத்தாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது.

ஏன் சொல்ல முடியாது? ஆட்காட்டி பொட்டல் தரையில் கல்லோடு கல்லாக முட்டையிடும், கிட்டே போனால் தலைக்கு மேலே வட்டமடித்துக் கத்தும். கரிச்சான் மாட்டு முதுகில் உட்கார்ந்து வந்து பூச்சி பிடிக்கும், தன்னைவிடப் பெரிய காக்காயையே விரட்டும். தவிட்டுக்குருவி ஆறேழாகச் சேர்ந்து சருகைக் கிளறும். ஆட்டுக்குப் பின்னால் வெயிலில் நடந்தவருக்கு இதெல்லாம் அத்துப்படி. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன பாடம் வேண்டும்? படித்த பெண், ஆடு மேய்த்தவர் பேச்சை வகுப்புக்குக் கொண்டுபோவதா என்று உனக்குக் கூச்சம். உன் படிப்புக்காக அந்த ஆடுகளில் எத்தனை விலைபோயின என்று வீட்டில் எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

உன் மாவட்டத்தில்தான் கொள்ளுக்குடிப்பட்டியும் இருக்கிறது. வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாதென்று அந்த ஊரில் பல வருடமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சார்ட்டைப் பார்த்தா அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்? வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வளர்த்தார்கள். உன் வீட்டுப் பெரியவரோ திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

அதற்காக அவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அரணை கடித்தால் மரணம் என்பார். அரணைக்கு விஷமே கிடையாது. ஓணானைப் பையன்கள் கல்லால் அடித்தால் விளையாட்டுதானே என்று விட்டிருப்பார். அங்கேதான் உன் படிப்புக்கு வேலை. அவரைத் திருத்து, அதற்கு முன்னால் அவரிடம் கற்றுக்கொள்.

சார்ட் வேண்டாம். படம் போட்ட பறவைக் கையேடு ஒன்று வாங்கு. சாயங்காலம் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டு. அவர் சொல்லும் பேரையும் புத்தகத்தில் இருக்கும் பேரையும் நோட்டில் எழுதிக்கொள். அப்புறம் அந்தப் பையனைக் கூப்பிட்டு, நீ ‘குருவி’ என்று சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிச் சொல்லிக்கொடு. அடுத்த தடவை கண்மாய்க்கரைக்கு அவரையும் கூட்டிவரலாமா என்று மேடத்திடம் கேள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எனக்கு மறுபடி எழுது, இன்னும் கொஞ்சம் திட்டுகிறேன்.