கடைக் கணக்கு: 25 சதவீதம், எதன் மேல்?

கேள்வி: கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். 2,000 ரூபாய் சேலைக்கு 25 சதவீதம் லாபம் வைத்து 2,500 போடுகிறேன். ஆடியில் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தேன். 5 சதவீதமாவது நிற்கும் என்று பார்த்தால் கல்லாவில் ஒன்றுமே தங்கவில்லை. கணக்கு எங்கே இடிக்கிறது?
- வாசகி, காரைக்குடி

பதில்: 25-ல் 20 போனால் 5 என்று கழித்தீர்களே, அங்கேதான். நீங்கள் ஏற்றிய 25 சதவீதம் அடக்க விலையான 2,000-த்தின் மேல். அது 500 ரூபாய். தள்ளுபடி 20 சதவீதம் விற்கும் விலையான 2,500-ன் மேல். அதுவும் 500 ரூபாய். ஏற்றியது முழுக்க இறங்கிவிட்டது.

அடக்கத்தின் மேல் ஏற்றுவது மார்க்அப். விற்ற விலையில் நமக்கு நிற்பது மார்ஜின். அதே 500 ரூபாய், மார்க்அப் என்றால் 25 சதவீதம், மார்ஜின் என்றால் 20. கடை வாடகை, சம்பளம், தள்ளுபடி எல்லாம் விற்று வந்த பணத்திலிருந்துதான் போகின்றன. அதனால் மார்ஜினில் யோசிப்பதே நல்லது.

25 சதவீத மார்ஜின் வேண்டுமா? அடக்கத்தை 1.25-ஆல் பெருக்காதீர்கள், 0.75-ஆல் வகுங்கள். அடக்கம் என்பது நெசவாளருக்குக் கொடுத்த பணம் மட்டுமல்ல. ஃபால்ஸ் தைத்த கூலி, வண்டிச் செலவு, பை என்று 100 ரூபாய் சேர்ந்தால் அடக்கம் 2,100. 2,100-ஐ 0.75-ஆல் வகுத்தால் 2,800. தள்ளுபடி கொடுத்த பிறகும் இதே 2,800 கைக்கு வரவேண்டுமானால், 20 சதவீதத் தள்ளுபடிக்கு 3,500 எழுத வேண்டும். 10 சதவீதத்துக்கு 3,111 போதும். 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கிய கைத்தறிச் சேலை. அதற்கு 20 சதவீதம் தள்ளுவானேன்? 10 போதும் என்பது எங்கள் கட்சி.

ஜிஎஸ்டி பதிவு உள்ள கடையென்றால் இந்த விலைகள் எல்லாம் வரிக்கு முந்தியவை. சீட்டில் இருக்கும் 2,500 வரியும் சேர்ந்த விலை என்றால், 5 சதவீத வரிக்கு 1.05-ஆல் வகுங்கள். 2,381 தான் உங்களுடையது, மீதி 119 வரி. பலர் 2,500-ல் 5 சதவீதம் என்று 125 கழிக்கிறார்கள், அது தப்பு.

மனதில் வைக்க: 20 சதவீத மார்ஜினுக்கு 25 ஏற்ற வேண்டும். 30-க்குக் கிட்டத்தட்ட 43. 40-க்கு 66.67. 50-க்கு 100.

கேள்வி: வீட்டில் தேன்குழல் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறேன். எனக்கு 20, கடைக்காரருக்கு 20 என்று ஏற்றித்தான் விலை அச்சடிக்கிறேன். ஆனாலும் கையில் குறைவாகவே நிற்கிறது.
- வாசகி, கோட்டையூர்

பதில்: முதலில் உடைசலைக் கணக்கில் சேருங்கள். மாவு, எண்ணெய், கேஸ், கூலி எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 300 ரூபாய் ஆகி, 8 சதவீதம் உடைந்துபோனால் விற்கக் கிடைப்பது 920 கிராம். அப்போது கிலோ அடக்கம் 326. கால் கிலோவுக்கு 81.50; கவரும் லேபிளும் 3.50 என்றால் ஒரு பாக்கெட் 85.

85-ன் மேல் 20 சதவீதம் ஏற்றினால் 102, அதன் மேல் இன்னொரு 20 ஏற்றினால் 122.40. கடைக்காரரோ தன் 20-ஐ அச்சிட்ட விலையில் பிடிப்பார். உங்களுக்கு வருவது 97.92. 102 வரும் என்று இருந்தீர்கள், இல்லையா? நின்றது 12.92 ரூபாய், அதாவது 13 சதவீதம்தான்.

இரண்டு தடவையும் 0.80-ஆல் வகுங்கள். 85 முதலில் 106.25 ஆகும், பிறகு 132.81 ஆகும். 135 என்று அச்சிடலாம். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் வரியையும் இதற்குள் கொண்டுவர வேண்டும்; பாக்கெட்டில் அச்சிடும் உச்ச விலை எல்லா வரிகளும் சேர்ந்தது.

கேள்வி: பழைய பித்தளைத் தூக்கு ஒன்றை 400-க்கு வாங்கி 1,000-க்கு விற்றேன். 150 சதவீத மார்ஜின் என்கிறார் மைத்துனர். சரிதானா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: 150 என்பது மார்க்அப். மார்ஜின் 60. பொருள் சும்மா கிடைத்தால்கூட மார்ஜின் நூறைத் தாண்டாது. ஒடுக்கு எடுத்து மெருகேற்ற 150 கொடுத்திருந்தால் அடக்கம் 550, மார்ஜின் 45 தான். அந்தக் கூலியைச் செலவு நோட்டில் மட்டும் எழுதாமல், தூக்கின் அடியில் ஒட்டும் சீட்டிலும் உங்களுக்கு மட்டும் புரியும்படி குறித்து வையுங்கள். பேரம் பேச ஆள் வந்து நிற்கும்போது, எதுவரை இறங்கலாம் என்று அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.