நிலவேம்புச் சாற்றில் படிகம் இறங்காதது ஏன்?

கேள்வி: பாரிமுனை நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நிலவேம்புப் பொடியை சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைக் கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பொடி வழியாக இறக்கும் கருவி) மெத்தனால் ஊற்றி எடுத்தேன். நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு படிகமாக வராமல் கரும்பச்சைப் பிசினே மிஞ்சுகிறது. ஏன்?
– முதுநிலை வேதியியல் மாணவி, குரோம்பேட்டை

பதில்: முதல் சந்தேகம் பொடி மீதுதான். கடைப்பொடி பெரும்பாலும் சமூலம், அதாவது முழுச்செடியையும் அரைத்தது. அதில் தண்டே அதிகம். ஆண்ட்ரோகிராஃபோலைடு அதிகம் இருப்பதோ இலையில். முழுச்செடியாக வாங்கி இலையை மட்டும் உருவிக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒரு செடியை அரும்பாக்கம் சித்த மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் காட்டி, இனம் உறுதிசெய்துகொள்வது நல்லது. நிழலில் உலர்த்துங்கள், ஐப்பசி மழையில் இலை கறுத்துப் பூசணம் பிடிக்கும், அப்போது 40 டிகிரியில் உலர்த்தும் அடுப்புதான் (oven) வழி.

சாக்ஸ்லெட் வேண்டாம். மணிக்கணக்கில் சூடேறினால் மெழுகும் பச்சையமும் சேர்ந்தே இறங்கும். படிகத்தைத் தடுப்பது அவைதான். 100 கிராம் இலைப்பொடிக்கு டைகுளோரோமீத்தேன், மெத்தனால் சம அளவில் கலந்து 500 மி.லி. ஊற்றி, ஓரிரவு சூடேற்றாமலே ஊறவையுங்கள். வடித்து, இன்னும் இரண்டு முறை ஊறவைத்து, மூன்று வடிநீரையும் சேர்த்து ரோட்டரி ஆவியாக்கியில் (அழுத்தம் குறைத்துக் கரைப்பானை வற்றவிடும் கருவி) 45 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவிடுங்கள். மிஞ்சும் பிசினை 30 மி.லி. வீதம் டொலுவீன் விட்டுக் கழுவுங்கள் (கட்டாயம் ஃபியூம் ஹூடில், அதாவது நச்சாவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டில்). முதல் கழுவலில் மை போலக் கரும்பச்சை இறங்கும். வடியும் திரவம் ஏறக்குறைய நிறமற்று வரும்வரை விடாதீர்கள். ஆண்ட்ரோகிராஃபோலைடு டொலுவீனில் அவ்வளவாகக் கரையாது, பயம் வேண்டாம்.

தேறியதைக் கொதிக்கும் மெத்தனாலில், கரைய எவ்வளவு தேவையோ அவ்வளவில் மட்டும் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, மெல்ல ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாகு பதத்துக்கு வற்றினால் படிகத்துக்குப் பதில் எண்ணெய்தான் பிரியும். மறுநாளும் இறங்காவிட்டால் கண்ணாடிக் குச்சியால் பாத்திரச் சுவரைச் சுரண்டிப் பாருங்கள். நிறம் போக்குகிறோம் என்று காரக் கரைசலால் மட்டும் கழுவிவிடாதீர்கள்; மூலக்கூறில் உள்ள லாக்டோன் (எஸ்டர்) வளையம் திறந்துகொண்டால் கையில் இருப்பது வேறு பொருள்.

கேள்வி: டி.எல்.சி.யில் (மென்படலப் பிரிப்புச் சோதனை) ஒரே புள்ளி. ஆண்ட்ரோகிராஃபோலைடு என்று எழுதலாமா?
– ஆய்வு மாணவர், திருவொற்றியூர்

பதில்: அவசரப்படாதீர்கள். குளோரோஃபார்ம், மெத்தனால் 7:1 கலவையில் உங்கள் மாதிரி, தரமாதிரி (தூய ஆண்ட்ரோகிராஃபோலைடு), இரண்டும் கலந்தது என மூன்றையும் ஒரே தகட்டில் ஓட்டுங்கள், 254 நா.மீ. ஒளியில் கலந்த பாதையிலும் ஒரே கரும்புள்ளி தெரிய வேண்டும். பிறகு வேறொரு கரைப்பான் கலவையிலும் ஓட்டிப் பாருங்கள். உருகுநிலை 230 டிகிரியை ஒட்டி, ஓரிரு டிகிரிக்குள் சட்டென்று உருக வேண்டும். மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் (நிறை நிறமாலை) மூலக்கூறு நிறையான 350 இல்லையே என்று பலர் திகைப்பார்கள்: பாசிட்டிவ் மோடில் சோடியம் ஒட்டிய 373தான் பெரிதாகத் தெரியும். புரோட்டான் என்.எம்.ஆரில் (காந்த ஒத்ததிர்வு நிறமாலை) 4.6, 4.8 பி.பி.எம். பக்கம் எக்ஸோ மெத்திலீனின் (வளையத்துக்கு வெளியே இரட்டைப் பிணைப்பில் நிற்கும் CH₂) இரு புரோட்டான்களும், கார்பன் என்.எம்.ஆரில் 20 சிக்னல்களும் வந்தபின் எழுதுங்கள்.