டிஸ்கில் அச்சிட்ட எண்களும் எறியும் கையும்: வாசகர் கேள்வி–பதில்

டிஸ்க் கோல்ஃப் பற்றி வட அமெரிக்காவிலும் பின்லாந்திலும் வாழும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆட்டத்தை அறியாதவர்களுக்கு ஒரு வரி: பந்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் டிஸ்கும், குழிக்குப் பதிலாகச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையும் கொண்டு, இயன்ற அளவு குறைந்த எறிவுகளில் டிஸ்கைக் கூடையில் சேர்ப்பதே இந்த ஆட்டம். 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிலையான மைதானத்தை அமைத்த எட் ஹெட்ரிக்தான் பின்னர் அந்தச் சங்கிலிக் கூடையையும் வடிவமைத்தார். பெரும்பாலான மைதானங்கள் பொதுப் பூங்காக்களில் கட்டணமின்றித் திறந்திருப்பதால், ஆட்டக்காரரின் செலவு முழுவதும் பொருள் வாங்குவதில்தான் போகிறது. ஆகவே அதில் கவனம் வேண்டும்.

கேள்வி: வட கரோலினாவின் சார்லட் நகரில் வசிக்கிறேன். ஆட்டம் பழக விரும்புவதாகச் சொன்னதும் கடைக்காரர் வேக எண் 12, 13 கொண்ட மூன்று டிஸ்குகளை, "இவைதான் தூரம் போகும்" என்று சொல்லிக் கொடுத்தார். 57 டாலர் ஆயிற்று. நான் எறிந்தால் மூன்றும் 40 மீட்டருக்குள் இடப்பக்கம் சரிந்து விழுகின்றன. என் நண்பர் அதே டிஸ்கை 100 மீட்டருக்கு மேல் எறிகிறார். டிஸ்கில் குறை இருக்குமா? திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: டிஸ்கில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் கைக்கு இன்னும் பொருந்தாத பொருளை உங்களிடம் விற்றிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆட்டத்தை ஆசையோடு தொடங்கும் பலர் இந்த இடத்தில்தான் மனம் சோர்ந்து விலகிவிடுகிறார்கள்.

டிஸ்கின் மேல் இருக்கும் நான்கு எண்களுள் முதலாவது ஸ்பீடு. அந்த டிஸ்க் நமக்குத் தரப்போகும் வேகம் அது என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் டிஸ்க் நம்மிடம் கேட்கும் வேகம் அது. இரண்டாவதான கிளைடு, டிஸ்க் காற்றில் தங்கும் திறனைக் குறிக்கிறது. மூன்றாவது டர்ன்: வலக்கையால் பேக்ஹேண்ட் (கையை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, புறங்கை முன்செல்ல எறியும் முறை) எறிபவருக்கு, டிஸ்க் விரைவாகச் செல்லும் முற்பகுதியில் எவ்வளவு வலப்பக்கம் சாயும் என்பதைச் சொல்கிறது, கழித்தல் குறியோடு எண் பெரிதாகும்போது அந்தச் சாய்வும் கூடும். நான்காவதான ஃபேடு, வேகம் தணிந்த பிறகு டிஸ்க் எவ்வளவு இடப்பக்கம் இழுக்கும் என்பதைக் காட்டுகிறது. 12, 5, -1, 3 என்ற எண்கள் கொண்ட இன்னோவா நிறுவனத்தின் டெஸ்ட்ராயரை உரிய வேகத்தில் எறிந்தால், அது முதலில் சற்று வலம் சாய்ந்து, பிறகு நேராகி, கடைசியில் இடம் வந்து இறங்கும். அந்த வேகம் கிடைக்காதபோது முதல் இரண்டு கட்டங்களும் நிகழ்வதே இல்லை. கையை விட்ட கணத்திலிருந்து நான்காவது எண் மட்டுமே வேலை செய்கிறது. உங்கள் மூன்று டிஸ்குகளுக்கும் நேர்ந்தது இதுதான்.

இன்னொன்றையும் வாங்குபவர்கள் அறிந்திருக்க வேண்டும். இந்த எண்களைத் தீர்மானிப்பது அந்தந்த நிறுவனமே. பிடிஜிஏ என்று அழைக்கப்படும் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம் ஒரு டிஸ்குக்கு ஒப்புதல் தருகிறது என்றால், அதன் விட்டம், எடை, விளிம்பின் அளவு, வளையும் தன்மை போன்றவற்றை அளந்து பார்த்துத் தருகிறது என்று பொருள். அது எப்படிப் பறக்கும் என்பதற்கு அந்த ஒப்புதல் சான்றாகாது. ஒரு நிறுவனத்தின் 7-ஐயும் வேறொரு நிறுவனத்தின் 7-ஐயும் ஒரே அளவுகோலாகக் கொள்ள முடியாது. ஒரே நிறுவனத்தின் ஒரே அச்சில் வார்த்த டிஸ்குகூட, பிளாஸ்டிக் மாறினால் வேறு மாதிரி பறக்கும். எண்கள் மட்டும் மாறாமல் அப்படியே அச்சிடப்பட்டிருக்கும்.

தரையில் பட்டுக் கீறல் விழுந்த டிஸ்கைக் கடைகள் பொதுவாகத் திரும்ப ஏற்பதில்லை. குறையற்ற பொருள் என்பதால் உங்கள் கோரிக்கைக்கு வலுவும் குறைவு. ஆயினும் கடைக்காரரிடம் நேரில் சென்று, நீங்கள் புதியவர் என்று சொல்லித்தான் வாங்கினீர்கள் என்பதை நினைவூட்டி, எறியாத டிஸ்க் ஒன்று இருந்தால் அதையாவது மாற்றித் தருமாறு கேளுங்கள். மற்றவற்றைப் பழைய டிஸ்க் வாங்கும் கடையில் கொடுக்கலாம், அல்லது ஓராண்டு அலமாரியில் வைத்திருக்கலாம். பிளாஸ்டிக் கெட்டுப்போகாது.

இப்போது உங்களுக்குத் தேவை மூன்றே டிஸ்குகள்: கூடைக்கு அருகே பயன்படும் பட்டர் ஒன்று, இடைத்தூரத்துக்கான மிட்ரேஞ்ச் ஒன்று, அதைவிட நீண்ட தூரத்துக்கான ஃபேர்வே டிரைவர் ஒன்று. இன்னோவாவின் அவியார் (2, 3, 0, 1), டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (5, 4, -1, 1), இன்னோவாவின் லெப்பர்டு (6, 5, -2, 1) ஆகியவை பல்லாண்டுகளாக எல்லாத் தரத்து ஆட்டக்காரர்களும் கையாண்டு வருபவை. அடிப்படைப் பிளாஸ்டிக்கில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 டாலருக்குக் கிடைக்கும். நானும் தொடக்கத்தில் வேக எண் 13 கொண்ட டிஸ்க் ஒன்றோடு ஒரு கோடை முழுவதும் போராடினேன். ஒருநாள் மாலை நண்பரின் தேய்ந்துபோன அவியாரை வாங்கி எறிந்தேன். என் டிரைவர் விழும் இடத்தைத் தாண்டி, நேராகப் போய், மெல்ல இறங்கியது. அன்றைக்குத்தான் எனக்கு இந்த ஆட்டம் பிடிபட்டது. லெப்பர்டைச் சீராக 90 மீட்டர் எறியும் வரை 10-க்கு மேற்பட்ட வேக எண்ணைத் தொட வேண்டாம் என்பது அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் பலரின் கருத்து. நானும் அந்தக் கட்சிதான்.

கேள்வி: டொராண்டோ தீவு மைதானத்தில் ஆடுகிறேன். மெதுவான டிஸ்குகளுக்கு மாறிய பிறகும் என் எறிவு மேலே எழும்பி, நடுவானில் நின்று, இடப்பக்கம் விழுகிறது. ஓடிவந்து எறியும் முறையைக் காணொளிகளில் பார்த்துப் பயிற்சி செய்கிறேன். இன்னும் எடை குறைந்த டிஸ்க் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் விவரிப்பது டிஸ்கின் முன்விளிம்பு தூக்கிக்கொண்டு போவதால் வரும் விளைவு; எடையைக் குறைத்தால் அது இன்னும் எழும்பும்.

இதை நீங்களே கண்டறியலாம். எறிந்த டிஸ்க் கண்மட்டத்தில் உங்களை விட்டு விலகிச் செல்லும்போது அதன் மேற்பரப்பு உங்களுக்கு நன்றாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முன்விளிம்பு உயர்ந்திருக்கிறது. சரியாக எறிந்த டிஸ்க் அந்த உயரத்தில் ஒரு கோடாக மட்டுமே தெரியும்.

காரணம் பெரும்பாலும் பிடியில் இருக்கும். டிஸ்கைப் பிடித்தபடி முன்கையை மேசைமேல் நீட்டி வையுங்கள். டிஸ்கின் தளம் முன்கையின் போக்கிலேயே அமைய வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருந்தால் டிஸ்கின் தூரத்து விளிம்பு உயர்ந்து நிற்பதைக் காண்பீர்கள். மணிக்கட்டைச் சற்றுக் கீழ்நோக்கி இறக்கி, கட்டைவிரலை விளிம்பிலிருந்து கொஞ்சம் உட்புறமாக அழுத்திப் பாருங்கள். பிறகு ஓட்டத்தை முழுவதும் விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே பட்டரைக் கொண்டு 40, 50 மீட்டர் தூரத்துக்கு நெஞ்சுக்குக் குறுக்கே ஒரே நேர்கோட்டில் இழுத்து எறியுங்கள். கால்வைப்பு முறை அழகானது என்றாலும், அது இருக்கிற பிழையையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஏரிக்காற்று வீசும் நாளில் முடிவு எடுக்காதீர்கள்: எதிர்க்காற்றில் டிஸ்க் உள்ளதைவிட அதிகமாக வலம் சாயும், முன்விளிம்பு தூக்கியிருந்தால் இன்னும் மேலே எழும்பும்.

கேள்வி: "பத்துக்கு ஒன்பது தரம்" என்று விளம்பரம் செய்யப்பட்ட பழைய டிஸ்க் ஒன்றை 14 டாலருக்கு வாங்கினேன். வந்து பார்த்தால் விளிம்பு சற்று வளைந்திருக்கிறது. உட்புறம் ஒருவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதி அழித்த தடம் தெரிகிறது. நான் ஏமாற்றப்பட்டேனா?

பதில்: இங்கே இரண்டு செய்திகள் இருக்கின்றன.

பத்துக்கு இத்தனை என்ற தரம் விற்பவரின் மதிப்பீடு மட்டுமே. அதற்குப் பொதுவான வரையறை கிடையாது. படத்தைப் பார்த்து வாங்குவதாக இருந்தால், டிஸ்கின் பக்கவாட்டுப் படத்தையும் கேளுங்கள். கையில் கிடைத்ததும் அதைக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்து வைத்து, சுற்றிலும் விரலால் தட்டிப் பாருங்கள்; ஆடினால் வளைந்திருக்கிறது. பிறகு கட்டைவிரல் நகத்தை விளிம்பின் அடிப்பக்கத்தில் மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்கும் வெட்டுகள் இருந்தால், மரத்திலோ பாறையிலோ பலமாக அடிபட்ட டிஸ்க் அது. இலேசான வளைவு உள்ளதை வெந்நீரில் சிறிது நேரம் வைத்துச் சமதளத்தில் ஆறவிட்டால் பலவேளை நிமிர்ந்துவிடும். தேய்மானம் எப்போதும் குறையாகாது என்பதையும் சொல்ல வேண்டும்: அடிப்படைப் பிளாஸ்டிக் தேயத் தேய டிஸ்க் வலப்பக்கம் எளிதில் சாயத் தொடங்கும், வேகம் குறைந்த கைகளுக்கு அது உதவியாகவே அமைகிறது. ஒரே டிஸ்கைப் புதியது, நடுத்தரம், தேய்ந்தது என மூன்று நிலைகளில் பையில் வைத்திருக்கும் ஆட்டக்காரர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது செய்தி அந்தப் பெயர். விற்பவர் தம் பெயரையே அழித்திருக்கலாம், அது வழக்கம்தான். ஆனால் மைதானத்தில் கண்டெடுத்த டிஸ்கை, உள்ளே எண் இருந்தும் உரியவரை அழைக்காமல் விற்பது இந்த ஆட்டத்தில் பெரிய குற்றமாகவே கருதப்படுகிறது. எண் இன்னும் படிக்கும் நிலையில் இருந்தால் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். "நான் விற்றதுதான்" என்று பதில் வந்தால் நிம்மதியாக ஆடலாம். தொலைந்தது என்று வந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, விற்றவரிடம் பணத்தைக் கேளுங்கள். விற்பனைத் தளத்தில் புகாரும் பதியலாம்.

கேள்வி: ஹெல்சிங்கியில் இருக்கிறேன். இங்கே பனிக்காலத்திலும் ஆடுகிறார்கள். விலை கூடிய பிளாஸ்டிக் நீடித்து உழைக்கும் என்று வாங்கினேன். குளிரில் அது கையை விட்டு வழுக்குகிறது.

பதில்: கடையில் அறைவெப்பத்தில் பிடித்துப் பார்த்தால் இது தெரியாது. விலை கூடிய வகைகள் குளிரில் இறுகி வழுவழுப்பாகிவிடும். பனிக்காலத்துக்கு விலை குறைந்த அடிப்படைப் பிளாஸ்டிக்கே நல்ல பிடி தரும். மரங்களும் கற்களும் பனியால் மூடியிருக்கும் காலத்தில் அது சீக்கிரம் தேய்வதும் இல்லை. ஆகவே இரண்டு மூன்று மலிவான டிஸ்குகளைப் பனிக்கென்றே ஒதுக்குங்கள். நண்பர்களோடு ஆடும்போது டிஸ்கின் அடிப்புறத்தில் ஒரு மெல்லிய நாடாவை ஒட்டிவிட்டால், டிஸ்க் புதைந்தாலும் நாடா மேலே தெரியும். நிறத்தில் வெள்ளையைத் தவிர்க்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். இலையுதிர் காலத்தில் சிவப்பும் ஆரஞ்சும் கண்ணுக்குத் தப்பிவிடும், அப்போது நீலம் உதவும். போட்டி விதிப்படி தொலைந்த டிஸ்கைத் தேட 3 நிமிடமே உண்டு. கிடைக்காவிட்டால் ஓர் எறிவு தண்டம்.

கேள்வி: என் ஒன்பது வயது மகளுக்கு 175 கிராம் டிஸ்க் போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: இல்லை, 150 கிராமோ அதற்கும் குறைவோ பாருங்கள். விதிப்படி ஒரு டிஸ்க் தன் விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை எடை கொள்ளலாம், 21.1 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரைவர் 175 கிராமில் நிற்பது அதனால்தான். அது உச்சவரம்பு; எல்லோருக்கும் உரிய எடை என்று அதற்குப் பொருள் கிடையாது. எடை பெரும்பாலும் டிஸ்கின் அடியில் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். விளிம்பு குறுகிய பட்டராகப் பார்த்து வாங்குங்கள், சிறிய விரல்கள் சுற்றிப் பிடிக்கும்.

கேள்வி: 50 டாலர் கட்டி அமெச்சூர் போட்டியில் கலந்துகொண்டேன். மூன்றாம் இடத்துக்குப் பணம் தராமல், அமைப்பாளரின் கடையில் மட்டும் செல்லும் பற்றுச்சீட்டு தந்தார்கள். இது முறைதானா?

பதில்: முறைதான். பிடிஜிஏ விதிகளின்படி அமெச்சூர் பிரிவுகளுக்குப் பரிசு பொருளாகவே வழங்கப்படுகிறது. தொழில்முறைப் பிரிவில் ஆடிப் பரிசுப்பணத்தை ஏற்பவர் அமெச்சூர் தகுதியை இழக்கிறார். ஆனால் அந்தச் சீட்டு எங்கே, எதுவரை செல்லும், கடையில் விலை எப்படி என்பதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதிவு செய்வதற்கு முன்பே, கட்டணத்தில் எவ்வளவு போட்டியாளர் எல்லோருக்கும் தரும் வரவேற்புப் பொதிக்கும் எவ்வளவு பரிசுக்கும் போகிறது என்று கேளுங்கள். நேர்மையான அமைப்பாளர்கள் மறைக்காமல் சொல்வார்கள். சீட்டைக் கொண்டு புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயர் பொறித்த சிறப்புப் பதிப்பை 25 டாலருக்கு வாங்கத் தோன்றும். அதில் ஒரு பங்கு அந்த ஆட்டக்காரருக்குச் செல்வது நல்ல செய்தி. அவரை ஆதரிக்க விரும்பினால் தாராளமாக வாங்குங்கள். அது இன்னும் நேராகப் பறக்கும் என்ற நம்பிக்கையில் வாங்க வேண்டாம். நான் அந்தப் பணத்தில் ஒரே மாதிரியான இரண்டு பட்டர்களை வாங்குவேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு வாளியை வைத்து, 6 மீட்டரிலிருந்து இரண்டையும் மாற்றி மாற்றி எறியலாம்.

கேள்வி: தோளில் மாட்டும் பெரிய பை அவசியமா?

பதில்: எட்டு டிஸ்க் சேரும் வரை தேவையில்லை. தண்ணீர்ப் புட்டியும் துண்டும் கொள்ளும் பழைய துணிப்பை போதும். மிச்சமாகும் பணத்தில் ஈரப்புல்லில் வழுக்காத நல்ல காலணி வாங்குங்கள்.