ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருங்கள்

செராமிக் வேலை பற்றிப் போன மாதம் எழுதியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டு, திருவான்மியூர் பட்டறையில் தினமும் நான் செய்வதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், நான் ஐ.டி.யில் வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வகுப்புக்குப் போகிறேன். டம்ளர், பூச்சாடி, டீ கெட்டில், விளக்கு எல்லாம் செய்தாயிற்று. புதிதாக எதுவும் தோன்றவில்லை. எனக்குக் கற்பனை கிடையாதா?
- வாசகர், மடிப்பாக்கம்

கற்பனைக்கு ஒன்றும் குறைவில்லை. ஒரு பொருள் கைக்குப் பழகும் முன்பே அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள், அவ்வளவுதான். அடுத்த இரண்டு மாதம் டம்ளர் மட்டும் செய்யுங்கள். நானூறு கிராம் மண்ணை எடை போட்டு உருண்டை பிடித்து, ஒரு வகுப்புக்கு ஐந்து. ஐந்தையும் வனைந்து முடித்ததும் கம்பியை வைத்து மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்துவிடுங்கள். மனசு கேட்காது, எனக்கும் முதலில் கேட்கவில்லை, ஆனால் அறுத்துப் பார்த்தால்தான் அடிப்பக்கம் எவ்வளவு தடியாக விட்டிருக்கிறோம், எந்த இடத்தில் விரல் பயந்து நழுவியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். மண் வீணாகாது, திரும்பப் பிசைந்துகொள்ளலாம். முப்பது, நாற்பது டம்ளர் ஆனபிறகு விளிம்பைக் கொஞ்சம் வெளியே சாய்த்தால் என்ன, இடுப்பைச் சற்று ஒடுக்கினால் என்ன என்று கைக்கே கேள்வி வரும். என் பட்டறையில் இன்று விற்கிற வடிவங்கள் எல்லாமே அப்படி வந்தவைதான், ஒன்றுகூட உட்கார்ந்து யோசித்து வந்ததில்லை.

இன்னொன்று, ஞாயிறு மட்டும் போனால் பாதி வேலைதான் கற்றுக்கொள்வீர்கள். வனைந்த பாத்திரம் தோல் பதத்துக்கு, அதாவது வளையாமல் ஆனால் ஈரம் முழுக்கப் போகாமல், இறுகும்போது கவிழ்த்து வைத்து அடியைச் செதுக்க வேண்டும், அந்தப் பதம் நம் வசதிக்குக் காத்திருக்காது. மே மாதத்தில் ஃபேன் ஓடினால் மதியத்துக்குள் விளிம்பு காய்ந்து அடி ஈரமாகவே இருக்கும், வெடிப்பு விட்டுவிடும். ஐப்பசி மழையில் நாலு நாள் ஆனாலும் அதே ஈரம்தான். அதனால் வேலை நேரத்தில் ஃபேனை நிறுத்துங்கள், முடித்ததும் பாலிதீன் கவரால் மூடுங்கள். திங்கள் மாலை அரை மணி நேரம் வந்து செதுக்கிக்கொள்ள முடியுமா என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

அக்கா, காலையிலிருந்து இரவு வரை உங்கள் நாள் எப்படிப் போகிறது? வீட்டையும் பார்த்துக்கொண்டு எப்படி முடிகிறது?
- வாசகி, மயிலாப்பூர்

ஐந்தரைக்குப் பட்டறையில் இருப்பேன். முதல் வேலை நேற்று மூடி வைத்தவற்றைத் திறந்து தொட்டுப் பார்ப்பது. இன்று எதைச் செதுக்கலாம், எதற்குக் கைப்பிடி ஒட்டலாம், எதை இன்னும் விட்டுவைக்க வேண்டும் என்பதை அந்த ஈரம் சொல்லிவிடும், நாளின் திட்டம் அதிலிருந்துதான் வரும். அப்புறம் பிசைவது, ஒன்பதரை வரை சக்கரம். பிறகு வீட்டுக்குப் போய்ச் சமையல், சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். மூன்று மணிக்கு மேல் செதுக்கல், கிளேஸ் (பாத்திரத்தின் மேல் பூசுகிற கண்ணாடிப் பூச்சு) கலக்குவது, ஆர்டர் வேலை. இரவில் சக்கரத்தில் உட்கார மாட்டேன், களைத்த கையால் வனைந்ததை மறுநாள் காலையில் நானே பிசைந்துவிட வேண்டியிருக்கும். வீட்டில் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், அதனால் முடிகிறது. குழந்தைகள் சின்னதாக இருந்த வருடங்களில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது, அந்த நேரத்திலும் நாலு கிண்ணமாவது செய்தேன்.

ஒரு பழக்கத்தை எல்லோருக்கும் சொல்கிறேன். பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். காய்ந்த மண்ணிலும் கிளேஸ் பொடியிலும் சிலிகா இருக்கிறது, அந்தத் தூசு நுரையீரலில் தங்கி வருடக்கணக்கில் கெடுதல் செய்யும். ஈரத் துணியால் துடையுங்கள், பொடி அளக்கும்போது நல்ல மாஸ்க் போடுங்கள்.

கிளேஸ் என்றாலே வேதியியல் பாடம் போல இருக்கிறது. கலை மனநிலையை அது கெடுக்காதா?
- மாணவி, விருத்தாசலம்

செராமிக் தொழிலுக்கென்றே பயிற்சி நிறுவனமும் தொழிற்பேட்டையும் இருக்கிற ஊரிலிருந்து கேட்கிறீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். கிளேஸ் என்பது பாத்திரத்தின் மேல் உருகிப் படிகிற கண்ணாடி. கண்ணாடி ஆவதற்கு சிலிகா, அது வழிந்து ஓடாமல் பிடித்து நிறுத்த அலுமினா, சூளைச் சூட்டிலேயே உருகவைக்க ஃபெல்ட்ஸ்பார், சுண்ணாம்பு மாதிரி பொருட்கள். நிறத்துக்கு உலோக ஆக்சைடுகள். நூறு கிராம் கிளேஸில் அரை கிராம் கோபால்ட் ஆக்சைடு போட்டாலே நல்ல நீலம் வந்துவிடும். தாமிரம் இன்னும் விசித்திரம், மின்சூளையில் பச்சையாக வருவதே, காற்றைக் குறைத்துச் சுடுகிற எரிவாயுச் சூளையில் ரத்தச் சிவப்பாக வரும். இதெல்லாம் தெரிந்த கைக்குத்தான் சுதந்திரம் அதிகம் என்பது என் எண்ணம். தெரியாவிட்டால் கடையில் வாங்கிய டப்பாவில் இருக்கிற நிறம்தான் நம் நிறம்.

நோட்டு ஒன்று வையுங்கள். சின்னச் சின்ன ஓடுகள் செய்து ஒவ்வொன்றின் பின்னாலும் எண் கீறி, எந்தக் கலவை, எத்தனை பூச்சு, சூளையில் எந்தத் தட்டு, எத்தனை டிகிரி என்று எழுதுங்கள். என் நோட்டுகள் பதினொன்று ஆகிவிட்டன. பட்டறையில் தீப்பிடித்தால் நான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது அவற்றைத்தான்.

சூளை போட்டு எல்லாம் உடைந்துபோனால் மறுநாள் எப்படி வேலைக்கு உட்காருகிறீர்கள்?
- வாசகி, ஆவடி

ஒரு கார்த்திகை மாதம், ஓர் உணவகத்துக்கு அறுபது கிண்ணம் ஆர்டர். பத்து நாளாக விடாத மழை. தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருந்தது, தேதி நெருங்கிவிட்டது, சூளையில் அடுக்கி வழக்கமான வேகத்திலேயே சூடேற்றினேன். ஒன்றரை மணி நேரத்தில் உள்ளே பட்டாசு மாதிரி சத்தம். திறந்தபோது இருபத்து மூன்றுதான் முழுசாக இருந்தன. காற்றுக் குமிழி இருந்தால் வெடிக்கும் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் வெடிக்கவைப்பது உள்ளே தங்கிய ஈரம்தான், நூறு டிகிரியைத் தாண்டும்போது அது ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைக் கிழித்துக்கொண்டு வருகிறது.

அன்று ராத்திரி அழுதேன். மறுநாள் காலையில் உடைந்த துண்டுகளைத் தடிமன் வாரியாகப் பிரித்து வைத்துப் பார்த்தேன், வெடித்தவை எல்லாமே அடி தடித்தவை. அன்றிலிருந்து மழைக்காலத்தில் முதல் சூட்டை எண்பது, தொண்ணூறு டிகிரியிலேயே ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்துவிட்டு, காலையில்தான் மேலே ஏற்றுவேன். இறங்கும்போதும் அவசரம் கூடாது, 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கிற குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும், அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் கீறல் விழும். கை பொறுக்கிற சூட்டுக்கு வரும்வரை நான் கதவைத் தொடுவதில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான்: மறுநாள் நான் புதிதாக எதையும் செய்ய உட்காருவதில்லை, உடைந்ததைப் பிரித்துப் பார்க்கத்தான் உட்காருகிறேன், அந்த வேலை முடிவதற்குள் கை தானாக மண்ணுக்குப் போய்விடுகிறது.

கொசப்பேட்டையில் பிள்ளையார் செய்கிறவர்களும் உங்களைப் போல கலைஞர்கள்தானா?
- வாசகர், பெரம்பூர்

என்னைவிடப் பெரிய கலைஞர்கள். குயவர்கள் வாழ்ந்ததால் பெயர் வந்த பேட்டை அது. ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் என்று ஒரு வருடத்தில் அவர்கள் கையில் போகிற மண்ணில் பத்தில் ஒரு பங்குகூட நான் தொடுவதில்லை. எனக்கு மழை வந்தால் ஒரு ஆர்டர் தள்ளிப்போகும், அவர்களுக்கு அந்த வருடத்துச் சம்பாத்தியமே நனைந்துவிடும். கண்காட்சியில் வைத்தால் கலை, தெருவில் வைத்தால் சரக்கு என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளையார் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள்.

சென்னையில் முறையாகப் படிக்க இடம் உண்டா?
- மாணவர், வியாசர்பாடி

உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1850-இல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரியில் செராமிக் துறை உண்டு. புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் ஆரம்பித்த கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் கற்றவர்கள் நாடு முழுக்க வேலை செய்கிறார்கள், அவர்களில் யாராவது வகுப்பெடுத்தால் விடாதீர்கள்.

இணையத்தில் பார்த்த வடிவத்தை அப்படியே செய்வது தப்பா?
- வாசகி, போரூர்

பழகுவதற்குச் செய்யலாம், உங்கள் பெயர் போட்டு விற்கக் கூடாது. படத்துக்குப் பதிலாக ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பழைய பானைகள் முன்னால் நில்லுங்கள். ஆதிச்சநல்லூரில் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொருட்கள் அங்கே இருக்கின்றன. கறுப்பு-சிவப்புப் பானை கிடைத்தால் பாருங்கள், உள்ளேயும் விளிம்பிலும் கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்துச் சுட்டதில் உள்ளே காற்று போகாமல் கறுத்தது, வெளியே காற்று பட்டுச் சிவந்தது. கிளேஸ் இல்லாமல், தெர்மாமீட்டர் இல்லாமல் செய்திருக்கிறார்கள். பென்சிலால் வரைந்துகொண்டு வாருங்கள், வரையும்போது அந்த வளைவு கைக்குள் போய்விடும்.

எனக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. சக்கரத்தில் உட்கார முடியாது. ஆசை மட்டும் இருக்கிறது.
- வாசகர், தாம்பரம்

ஐயா, சக்கரமே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து மேசை மேல் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். சாத்துக்குடி அளவு மண் உருண்டையை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கட்டைவிரலை நடுவில் அடிவரை இறக்காமல் ஒரு விரல் தடிமன் விட்டு அழுத்துங்கள். அப்புறம் உருண்டையைச் சுற்றிக்கொண்டே கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாகக் கிள்ளிக்கொண்டு மேலே வாருங்கள். விளிம்பு வெடித்தால் ஈர விரலால் தடவுங்கள், தண்ணீர் அதிகம் வேண்டாம். சூளை வாங்க வேண்டியதில்லை, பல பட்டறைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு சுட்டுக் கொடுக்கிறோம். எந்த மண், எத்தனை டிகிரி தாங்கும் என்பதை மட்டும் வாங்கின கடையில் கேட்டு எழுதி வையுங்கள், அது தெரியாமல் யாரும் சூளையில் ஏற்ற மாட்டார்கள். முதல் பத்துக் கிண்ணம் ஆனதும், நன்றாகக் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்.