அரைப்பேர், கிரயம், மினக்கெடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் காசையும் உழைப்பையும் பற்றிய சொற்கள்தான். அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஹட்டன் பக்கமிருந்து ஒரு மாணவி: கட்டுரையில் 'அம்மாவுக்கு அன்று அரைப்பேர்தான்' என்று எழுதினேன். அதை 'அரைநாள் சம்பளம்' என்று திருத்திவிட்டார்கள். எது சரி, டீச்சர்?

நீங்கள் எழுதியதுதான் சரி, தங்கச்சி. அரைநாள் சம்பளம் என்று எழுதினால் அம்மா பாதி நாள்தான் வேலை செய்தார் என்று ஆகிவிடும். ஆனால் அரைப்பேர் விழுந்தவர் நாள் முழுக்க தேயிலை மலையில் நின்றவர், செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையோ வறட்சியோ கொழுந்து போதாமல், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தோட்டம் கேட்ட கிலோ வராததால் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் அவர் பேர், அதாவது ஒரு நாள் கூலிக்கணக்கு, பாதியாகிறது, அவ்வளவுதான். உழைப்பு முழுசு, கூலி அரை என்பதை ஒரே சொல்லில் சொல்ல வேறு எந்தத் தமிழிலும் வழியில்லை. கைக்காசும் அப்படித்தான்: பேர்க் கணக்கில் சேராமல், பறித்த கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. பழைய 'துண்டு' இன்னும் கனமான சொல், ஒரு தொழிலாளியின் கடனைத் தீர்த்தால் அவரை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த சீட்டு அது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை நிறுத்தினார்கள். இந்தச் சொற்களைக் கொச்சை என்று அடித்துவிட்டால் நம் ஆட்களின் வரலாற்றை எதைக் கொண்டு எழுதுவது? அடுத்த கட்டுரையிலும் தைரியமாக எழுதுங்கள்.

பதுளையிலிருந்து உயர்தர மாணவர்: கணக்கீட்டில் கிரயம், செலவு இரண்டும் வருகின்றன. விரயம் வேறு. எல்லாம் ஒன்றா?

இல்லை தம்பி. ரொட்டிக் கடைக்கு ஒரு மூட்டை மாவு வாங்கினால் அதற்கு ஆனது கிரயம். அந்த மாதம் ரொட்டி போட்டுத் தீர்ந்த அளவுக்கு உரியது செலவு. கூரை ஒழுகி நனைந்து வீணாய்ப் போனது விரயம். சமஸ்கிருதத்தில் 'வியய' என்றால் வெறும் செலவுதான், தமிழுக்கு வந்த பிறகுதான் அது வீண்செலவு என்று இறுகிப்போனது. அறுபது ஆண்டுகளில் இருபதாவதான 'விய'வும் இதே சொல்தான்.

கண்டி வாசகர்: 'நேரம் செலவழித்தேன்' ஆங்கிலத்தைப் பார்த்து எழுதுவது என்கிறார் நண்பர். தவிர்க்கவேண்டுமா?

தவிர்க்கவேண்டியதில்லை. செல் என்பதிலிருந்து வந்ததுதான் செலவு, பழந்தமிழில் அதற்குப் பயணம் என்றே பொருள். தலைவன் பிரிந்து போகாமல் தயங்கி நிற்பதை 'செலவழுங்கல்' என்பார்கள். வருவது வரவு, போவது செலவு. குறளும் (478) வருமானத்தை 'ஆகாறு' என்றும் செலவை 'போகாறு' என்றும்தான் சொல்கிறது, வரும் வழி சிறிதானாலும் போகும் வழி அகலாவிட்டால் கேடில்லை என்று. போவது காசாக இருந்தால் என்ன, பொழுதாக இருந்தால் என்ன. ஆனாலும் பிள்ளைகளோடு இருந்ததைச் சொல்ல 'நேரம் செலவழித்தேன்' என்பதைவிட 'பிள்ளைகளோடு இருந்தேன்' என்பதே எனக்குப் பிடிக்கும்.

தலவாக்கலை வாசகி: 'சல்லி' சிங்களச் சொல்லா?

சிங்களத்திலும் உண்டு, தமிழிலும் உண்டு. சல்லிக்காசு என்றால் சிறு காசு. கூச்சப்படாமல் பேசுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு புது ஆசிரியை: 'இவ்வளவு மெனக்கெட்டு வந்திருக்கிறீர்களே' என்று ஒரு தாயைப் பாராட்டினேன். பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்து டீச்சர், வீணாக வந்தார் என்று சொல்வதாக நினைத்துவிட்டார். யார் பக்கம் நியாயம்?

இரண்டு பேர் பக்கமும். வினை கெடுதல்தான் மினக்கெடு என்றும் மெனக்கெடு என்றும் ஆனது: இருக்கிற வேலை கெடுவது. யாழ்ப்பாணத்தில் 'மினக்கெடாமல் வா' என்றால் நேரத்தை வீணாக்காமல் வா. தமிழ்நாட்டிலோ, தன் வேலையைக் கெடுத்துக்கொண்டு ஒன்றுக்காகப் பாடுபடுவது என்ற பக்கம் வளர்ந்தது, நம் மலையகப் பேச்சிலும் அதுதான் கூடுதலாக ஒட்டியிருக்கிறது. அதேபோல அந்த யாழ்ப்பாணத்து டீச்சர் ஒரு பிள்ளையிடம் 'தெண்டிச்சுப் பார்' என்றால், தண்டம் கட்டச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். முயற்சி செய்யச் சொல்கிறார். அந்தத் தாய் வேலை நாளில் வந்திருந்தால் அன்றைய பேர் போயிருக்கும், ஆகவே நீங்கள் சொன்ன சொல் அவருக்கு அப்படியே பொருந்தும். இதை அந்த டீச்சரிடமும் சொல்லிவிடுங்கள்.