போர்ட்ஃபோலியோவில் டாய்லெட் டீட்டெய்லை வைக்கலாமா?

கேள்வி: பி.ஆர்க். முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அடையாறில் ஒரு சின்ன ஆபீஸில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் பெரிய ஆபீஸுக்கு மாற நினைக்கிறேன். பிறகு வெளிநாட்டில் முதுகலை படிக்கவும் ஆசை. கல்லூரியில் நான் செய்த தீசிஸ், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி ஒரு பார்வையாளர் மையம். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஆபீஸில் செய்ததெல்லாம் அப்ரூவல் டிராயிங் (கட்டட அனுமதிக்கான வரைபடம்), டாய்லெட் டீட்டெய்ல், படிக்கட்டு, கேட். என் டிசைன் என்று காட்ட ஒரு வீடுகூட இல்லை. இவற்றைப் போர்ட்ஃபோலியோவில், அதாவது என் வேலைகளைக் காட்டும் தொகுப்பில், வைத்தால் மதிப்புக் குறையுமா? ஆபீஸ் டிராயிங்கை வைக்க அனுமதி வாங்க வேண்டுமா? மொத்தம் எத்தனை பக்கம் இருக்கலாம்?
(வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: தாராளமாக வையுங்கள். இரண்டு வருட அனுபவத்தோடு வருகிறவரிடம் நான் முதலில் தேடுவது அந்தப் பக்கங்களைத்தான். தீசிஸ் ரெண்டரிங், அதாவது கட்டடம் நிஜத்தில் எப்படித் தெரியும் என்று காட்டும் கணினிப் படம், எல்லோரிடமும் இருக்கிறது. சாயங்கால வானம், தண்ணீரில் பிரதிபலிக்கும் கட்டடம், ஓரமாக ஒரு சைக்கிள் என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதைப் பார்த்து, இவர் எதை யோசித்து முடிவு செய்தார் என்று எனக்குத் தெரிவதில்லை. போர்ட்ஃபோலியோவில் நான் தேடுவது அந்த முடிவுகளைத்தான். அவை ஒரு மியூசியத்தில் இருந்தாலும் சரி, ஐந்தடிக்கு எட்டடி குளியலறையில் இருந்தாலும் சரி.

அந்தக் குளியலறையையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் வரைந்த டாய்லெட் டீட்டெய்லில் என்னவெல்லாம் இருந்திருக்கும்? ஸ்லாபை ஒன்பது அங்குலமோ ஒரு அடியோ இறக்கி சங்கன் ஸ்லாப் போடுவதா, ஸ்லாபை மட்டமாகவே வைத்து பைப்பைக் கீழ்த்தளத்துச் சீலிங்கில் தொங்கவிடுவதா என்பது முதல் கேள்வி. சங்கன் என்றால் நாளைக்குக் கசிவு வந்தால் டைல்ஸை உடைத்து, நிரப்பியதை அள்ளித்தான் பார்க்க வேண்டும். தொங்கவிட்டால் கீழ் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங் போட வேண்டும், ஆனால் ரிப்பேர் சுலபம். தனி வீடா, அடுக்குமாடியா என்பதைப் பொறுத்து பதில் மாறும். அடுத்து, அறைத் தரையிலிருந்து குளியலறைத் தரை எவ்வளவு இறங்குகிறது, வாசலில் கிரானைட் பட்டி எந்த மட்டத்தில் நிற்கிறது, வாட்டர்புரூஃபிங் சுவரில் எவ்வளவு உயரம் ஏறுகிறது, தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப் எந்த மூலையில் வருகிறது, வாட்டம் எந்தப் பக்கம் போகிறது, டைல் ஜாயிண்ட் ட்ராப்பின் நடுவில் விழுகிறதா, இல்லை டைலை நாலு துண்டாக வெட்ட வேண்டியிருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். இத்தனையையும் ஒரே செக்‌ஷனில், அதாவது குறுக்குவெட்டுப் படத்தில், 1:10 அளவில் வரைந்து, பக்கத்திலேயே சைட்டில் எடுத்த ஒரு புகைப்படத்தையும் வைத்தால் அந்த ஒரு பக்கம் போதும். கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் பேசி வேலை வாங்கத் தெரிந்தவர் இவர் என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும்.

ஆனால் ஆட்டோகேடிலிருந்து ஷீட்டை அப்படியே எடுத்து ஒட்டிவிடாதீர்கள். ஏ1 அளவுக்குப் போட்ட டிராயிங் லேப்டாப் திரையில் எறும்பு வரிசை மாதிரிதான் தெரியும். தேவையான பகுதியை மட்டும் எடுத்து, லைன் வெயிட்டை (கோடுகளின் தடிமனை) சரிசெய்து, அளவுகள் படிக்கிற மாதிரி மறுபடி எழுதுங்கள். வெட்டுப்படும் சுவரும் ஸ்லாபும் அழுத்தமாகத் தெரிய வேண்டும், பின்னால் இருப்பது மெல்லிசாக இருக்க வேண்டும். இது முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம்தான், இருந்தும் அனுபவமுள்ளவர்களின் பக்கங்களில்கூட எல்லாக் கோடும் ஒரே தடிமனில் இருப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

அப்ரூவல் டிராயிங் விஷயமும் இப்படித்தான். ஷீட்டை அப்படியே வைத்தால் யாருக்கும் பயன் இல்லை. அதில் விதி எப்படித் திட்டத்தை மாற்றியது என்று காட்டினால் அருமையான பக்கம் ஆகும். முப்பதுக்கு அறுபது, அதாவது முக்கால் கிரவுண்டு மனை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு அடிப்படை எஃப்.எஸ்.ஐ. 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம். கணக்குப்படி 3600 சதுர அடி வருகிறது. ஆனால் முன்னும் பின்னும் பக்கத்திலும் விட வேண்டியதை விட்டு, கார் நிற்க இடம் ஒதுக்கி, படிக்கட்டையும் வைத்துப் பார்த்தால் கையில் மிஞ்சுவது என்ன? வீட்டுக்காரர் கேட்ட மூன்று படுக்கையறையை எப்படி அடுக்கினீர்கள்? மழைநீர் சேகரிப்புத் தொட்டி எங்கே போனது? 2003-லிருந்து நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம், ஆனாலும் பல பிளான்களில் கடைசி நேரத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அதற்கு யோசித்து இடம் ஒதுக்கியிருந்தால் சொல்லுங்கள். மனையின் எல்லை, விட்ட இடம், மிஞ்சிய இடம், கடைசித் திட்டம் என்று நாலு சின்னப் படங்களும் அடியில் இரண்டு வரியும் இருந்தால் போதும்.

இப்போது தீசிஸ். பள்ளிக்கரணை நல்ல தலைப்பு, கனமான தலைப்பும்கூட. 2022-இல் ராம்சார் தளமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். எனவே நேர்காணலில் 'அங்கே கட்டடம் எதற்கு?' என்ற கேள்வி நிச்சயம் வரும். அதற்கான பதிலை உங்கள் டிராயிங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலும் தீசிஸ் ஷீட்டுகளில் சைட் அனாலிசிஸ் என்று சூரியப் பாதை, காற்றின் திசை, சாலை, மரம் என்று ஒரு முழுப் பக்கம் இருக்கும். அடுத்த பக்கத்தில் கட்டடம் வரும். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. அந்தப் பக்கத்தைத் தூக்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக, அந்தத் தகவல் எங்கே கட்டடத்தை மாற்றியதோ அங்கேயே, செக்‌ஷனிலேயே காட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று விசாரித்துத் தரைத்தளத்தை உயர்த்தியிருந்தால், அந்த மட்டத்தில் ஒரு கோடு போட்டு எழுதுங்கள். 2023-இல் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பகுதி தண்ணீரில் நின்றது. தூண்களுக்கு இடையே தண்ணீர் தடையில்லாமல் போகுமா என்று பார்க்கிறவர் கட்டாயம் யோசிப்பார்.

வெயிலைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வடக்குப் பக்கம் நேர் வெயில் விழாது என்று வேறு நாட்டுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் மாதத்தில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில் சாய்வாக வெயில் அடிக்கும். வடக்கு ஜன்னலுக்கு நீங்கள் பக்கவாட்டு மறைப்பு வைத்திருந்தால் அதைப் பெருமையாகக் காட்டுங்கள். மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து வரும் கடல் காற்றுக்கு எங்கே திறந்து வைத்தீர்கள் என்பதும் அப்படித்தான்.

தீசிஸுக்கு ஐந்தாறு பக்கம் போதும். ஒரு சைட் பிளான், ஒரு பெரிய செக்‌ஷன், ஒரு தளத் திட்டம், மாடல் புகைப்படம் இருந்தால் அது, ரெண்டரிங் ஒன்றோ இரண்டோ. இப்போது பார்க்கும்போது தப்பாகத் தெரிகிற இடத்தைத் திருத்தி வரையலாமா என்று கேட்பீர்கள். வரையலாம், ஆனால் 'கல்லூரிக்குப் பிறகு திருத்தியது' என்று எழுதிவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு வருடத்தில் நீங்கள் எவ்வளவு வளர்ந்திருக்கிறீர்கள் என்று அது காட்டும். ஏ.ஐ. மென்பொருளில் படம் உருவாக்கியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியில் பழைய கட்டடம் ஏதாவது அளந்து வரைந்திருப்பீர்கள். மயிலாப்பூர் மாட வீதி வீடோ, செட்டிநாட்டு வீடோ, ஜார்ஜ் டவுன் கடையோ. அதைத் தேடி எடுங்கள். டேப்பைப் பிடித்துக்கொண்டு போய் அளந்தவருக்கும் கூகுளில் பார்த்து வரைந்தவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த டிராயிங்கில் மறைக்கவே முடியாமல் தெரியும். மெட்ராஸ் டெரஸ் கூரையை ஒருவர் வெட்டி வரைந்திருக்கிறார் என்று வையுங்கள். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களை நிமிர்த்தி, கோணலாகச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கியிருப்பதும், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த கான்கிரீட்டும், அதற்கு மேல் தட்டோடும் ஒழுங்காக வந்திருந்தால், இவர் ஏணி ஏறிப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப் பார்க்கிறவர் ஆபீஸுக்குக் கிடைப்பது பெரிய வரம்.

அனுமதி வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வேலையின் பகுதியாகச் செய்யும் படைப்புக்கு முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர்தான். ஆகவே ஆபீஸ் டிராயிங் ஆபீஸுடையது. உங்கள் ஆர்க்கிடெக்டிடம் நேரில் பேசி, அப்புறம் ஒரு மெயிலிலும் கேட்டு வாங்கிவிடுங்கள். எந்தெந்தப் பக்கம் வைக்கப் போகிறீர்கள் என்று காட்டிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அனுமதி கிடைத்தாலும் வீட்டுக்காரர் பெயர், முகவரி, சர்வே எண் மூன்றையும் நீக்கிவிடுங்கள். ஒருவேளை மறுத்தால், அந்த டீட்டெய்லின் கோட்பாட்டை எடுத்துக்கொண்டு, வேறு அளவில், உங்கள் சொந்த நேரத்தில் புதிதாக ஒன்றை வரையுங்கள். அதில் ஆபீஸ் பெயரைப் போட வேண்டாம்.

ஒவ்வொரு புராஜெக்டின் முதல் பக்கத்திலும் 'என் பங்கு' என்று ஒரு வரி இருக்கட்டும். 'வடிவமைப்பு: ஆபீஸ். வொர்க்கிங் டிராயிங், படிக்கட்டு டீட்டெய்ல், சைட் மேற்பார்வை: நான்' என்று தெளிவாக எழுதுங்கள். சென்னை ஆர்க்கிடெக்ட் வட்டம் நீங்கள் நினைப்பதைவிடச் சிறியது. யார் எந்த வீட்டைச் செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இல்லாத உரிமை கொண்டாடினால் ஒரே போனில் வெளியே வந்துவிடும். கல்லூரிக் குழு வேலைக்கும் இதே முறைதான். இன்னொன்று, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்துவிட்டீர்களா? 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, பதிவு இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. பதிவு இருந்தால் எண்ணை முதல் பக்கத்திலேயே போடுங்கள். இல்லையென்றால் பெயருக்கு முன்னால் ஆர்க்கிடெக்ட் என்பதைக் குறிக்கும் 'Ar.' போடாமல், பதிவுக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

பக்கக் கணக்கு: வேலைக்கு என்றால் இருபதிலிருந்து இருபத்தைந்து. ஏ3 படுக்கை வாக்கில், பி.டி.எஃப். 15 எம்.பி.க்குள். ஆபீஸ் வேலை முதலில், தீசிஸ் நடுவில், அளந்து வரைந்ததும் கைவரைவுகளும் கடைசியில். நேர்காணலுக்கு ஒரு முழு வொர்க்கிங் டிராயிங் செட்டைத் தனியாக, ஷீட்டின் முழு அளவில் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள். மேஜையில் விரித்து வைத்துப் பேசும்போது பேச்சே வேறு மாதிரி இருக்கும். முதுகலைக்கு இதே கோப்பை அனுப்பாதீர்கள். அங்கே வரிசை தலைகீழ்: தீசிஸ் முதலில், உங்கள் ஆய்வு ஆர்வம் என்ன என்பது ஒரு இழையாக எல்லாப் பக்கத்திலும் தெரிய வேண்டும். டாய்லெட் டீட்டெய்லுக்கு அங்கே ஒரு பக்கம் போதும். பக்க வரம்பும் கோப்பு அளவும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் என்பதால், ஒவ்வொன்றின் விதிகளையும் படித்துவிட்டே அடுக்குங்கள்.

கடைசியாக, ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சைட்டுக்கு ஒரு முழு நாள் போங்கள். சென்டரிங் பிரித்த படிக்கட்டு, வாட்டர்புரூஃபிங் முடிந்து தண்ணீர் கட்டி வைத்திருக்கும் குளியலறை, பிளாஸ்டர் பூசுவதற்கு முன் தெரியும் பைப் ஓட்டம் எல்லாவற்றையும் அனுமதியோடு, அளவுக்கோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். டைல்ஸ் ஒட்டிவிட்டால் பிறகு எதையும் காட்ட முடியாது.