வேலையை விடாமல் ஐஐஎம்மில் எம்பிஏ படிக்க முடியுமா?

முடியும். பெங்களூர் ஐஐஎம்மின் பிஜிபிஇஎம், வேலையில் இருப்பவர்களுக்கென்றே உள்ள 2 ஆண்டுப் படிப்பு. வகுப்புகள் வார இறுதியில். சேர, ஜிமேட் போன்ற மேலாண்மை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணும் வேலை அனுபவமும் வேண்டும்.

விண்ணப்பக் கட்டுரையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘தலைமைப் பண்பை வளர்க்க’ என்று பொதுவாக எழுதாதீர்கள். உங்கள் மேசையில் இன்றும் தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலை எழுதுங்கள்: விலை நிர்ணயமோ, நல்ல ஆட்கள் விலகிப்போவதோ. நேர்காணல் கேள்விகளும் பெரும்பாலும் அங்கிருந்தே கிளைக்கும். பகுதிநேரப் படிப்பின் பெரிய வரமும் அதுவே; சனிக்கிழமை கற்ற கணக்கைத் திங்கட்கிழமை அலுவலகத்தில் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் கேஸ் (நிறுவனங்கள் சந்தித்த சிக்கல்களை விவரிக்கும் பாடம்) படிக்கவும் குழுவோடு பேசவும் வாரநாள் இரவுகளும் போய்விடும். கட்டணம் கட்டுமுன் வீட்டாரிடமும் மேலாளரிடமும் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். தேர்வு வாரத்தில் வெளியூர்ப் பயணம் போடாதிருக்க மேலாளரால்தான் முடியும்.